கிளை சொல்லி அனுப்பியது

கட்சி மாநாடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஊர்வலமும் பொதுக்கூட்ட மேடையும்தான். வேன்களில் ஆட்கள் வந்து இறங்குவது, சாலையின் இரு பக்கமும் கொடிகள் பறப்பது, தலைவர்கள் பேசி முடிக்கும்போது நள்ளிரவு நெருங்கிவிடுவது எல்லாம் எல்லோரும் பார்த்தவை. நான் எழுத நினைப்பது ஒரு கல்யாண மண்டபத்துக்குள் பிரதிநிதிகள் மட்டும் உட்கார்ந்து பேசும் மாநாட்டைப் பற்றி. கட்சி யாருடையது என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைக்கிறது என்று நம்புகிறேன். போய்விட்டு வந்த பிறகு அந்த நம்பிக்கை இன்னும் உறுதியாகியிருக்கிறது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமங்களில் ஒன்று எங்களுடையது. வீட்டுத் திண்ணையில் தையல் இயந்திரம் போட்டு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைக்கிறேன். மாதர் சங்கத்தின் வழியாக மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தவள். எங்கள் கட்சியில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாநாடுகள் நடக்கும். கிளையில் தொடங்கி ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று ஏறி அகில இந்திய மாநாட்டில் போய் முடியும். ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்கான பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். 2025 ஏப்ரலில் மதுரையில் 24-ஆவது அகில இந்திய மாநாடு என்று முடிவாகி, அதற்காக 2024 செப்டம்பரிலேயே கிளை மாநாடுகள் தொடங்கிவிட்டன. எங்கள் கிளை மாநாடு ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. ஒன்றிய மாநாட்டுக்குப் பிரதிநிதிகளாகக் கிளைச் செயலாளரையும், நடவு வேலைக்குப் போகும் ஒரு பெரியம்மாவையும், என்னையும் தேர்ந்தெடுத்தார்கள்.

தேர்ந்தெடுத்துக் கைதட்டியதோடு யாரும் எழுந்து போகவில்லை. "அங்கே போய் என்ன பேசப் போகிறீர்கள்?" என்று பின்வரிசையில் இருந்த ஒரு தோழர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அன்றைய இரவு நீண்டது. வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டைப் பையிலிருந்து எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுத ஆரம்பித்தேன்.

முதலில் வந்தது நூறு நாள் வேலை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள். 2024-இல் அணையில் தண்ணீர் இல்லை. ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். கடைமடையில் குறுவை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. நடவு இல்லை, களையெடுப்பு இல்லை என்றால் எங்கள் தெருப் பெண்களுக்கு வேறு வருமானமும் இல்லை. அந்த மாதங்களில் அடுப்பெரிந்தது தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கூலியில்தான். அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு அறிவித்திருந்த தினக்கூலி 319 ரூபாய். அதையும் முழுதாகக் கையில் வாங்குவது எளிதாக இல்லை. 2023 ஜனவரி முதல் வேலைத்தளத்தில் கைப்பேசிச் செயலியில்தான் வருகைப் பதிவு. வேலை செய்கிறவர்களை நிற்க வைத்து ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. வாய்க்கால் தூர்வாரும் இடத்தில் பாதி நாள் சிக்னல் கிடைக்கவில்லை. படம் ஏறாவிட்டால், காலையிலிருந்து மண் சுமந்தவளும் அன்று வேலைக்கு வராதவளாகிவிடுவாள்.

இதைப் பேசும்போது எல்லோரும் ஒரே குரலாகத்தான் இருந்தார்கள். கோரிக்கையை எப்படிச் சொல்வது என்று வந்தபோதுதான் வாக்குவாதம். "செயலியை ரத்து செய் என்று கேட்போம், அதுதான் சரி" என்றார் ஒரு தோழர். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அதையும் கேளுங்கள் தோழர். அது டெல்லி வரை போய் வர வேண்டும். அதுவரைக்கும் நான் இன்றைக்கு வேலைக்கு வந்தேன் என்பதற்கு என் கையில் என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். வேலை செய்த நாட்களை வேலை அட்டையில் பதிந்து தர வேண்டும் என்பது விதியிலேயே இருந்தது. பல அட்டைகளில் அந்தக் கட்டங்கள் வெறுமையாகத்தான் கிடந்தன. கடைசியில் இப்படி எழுதிக்கொண்டேன்: செயலி வருகைப் பதிவைக் கைவிட வேண்டும், அதுவரை அன்றன்றைய வேலையை அன்றன்றே வேலை அட்டையில் பதிந்து தர வேண்டும். "இரண்டையும் சொல்வாய் அல்லவா?" என்று பெரியம்மா என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

இரண்டாவது, எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை. நில அளவைத் துறையின் புலப்படத்தில் பாதை இருக்கிறது, தரையில் இல்லை. இரண்டு பக்கத்து வயல்களும் ஆண்டுக்கு ஒரு சாண் என்று நகர்ந்து வந்து அதை வரப்பாக்கிவிட்டன. ஐப்பசி, கார்த்திகை மழையில் யாராவது இறந்துபோனால், தூக்குகிறவர்கள் முழங்கால் சேற்றில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும். நான்கு பேர் தோளில் சுமக்க வேண்டிய பாடையை இரண்டு பேர் சுமந்து போனதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேச யாருக்கும் அதிகச் சொற்கள் தேவைப்படவில்லை.

மூன்றாவதாக, கிளைக் கூட்டத்தின் நேரம். முன்பெல்லாம் இரவு எட்டு மணிக்கு மேல்தான் கூடுவோம். வேலைவிட்டு வந்து சோறாக்கி, பிள்ளைகளைக் கவனித்து, ஒரு பெண் அந்த நேரத்தில் எப்படி வர முடியும்? ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மாற்றிப் பார்த்தோம். பெண்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். மற்ற கிளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்பது நான் கேட்டு வாங்கிக்கொண்ட பொருள்.

மாநாட்டு மண்டபம் பக்கத்து ஊரில் இருந்தது. காலை எட்டரை மணிக்கே வாசலில் கொடிக்கம்பம் தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் செங்கல் அடுக்கிச் சிவப்புத் துணி போர்த்திய தியாகிகள் ஸ்தூபி. மூத்த தோழர் ஒருவர் கொடியேற்றினார். பிறகு ஒவ்வொருவராகப் போய் ஸ்தூபிக்குப் பூத்தூவினோம். கீழத் தஞ்சையில் இது வெறும் சடங்கு ஆகிவிட முடியாது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்ட மண் இது. பண்ணையாட்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த நாட்களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி.சீனிவாசராவ் நடந்து திரிந்து சங்கம் கட்டிய வயல்கள் இவை. அந்தப் போராட்டங்களின் விளைவாகத்தான் 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெண்மணி நடந்தபோது சிறுமியாக இருந்தவர் எங்கள் பெரியம்மா. மறுநாள் காலை தன் அம்மா பிள்ளைகளில் ஒருவரையும் வாசல் தாண்ட விடவில்லை என்று மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஸ்தூபிக்கு முன்னால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

உள்ளே போகும்போது வாசலில் பெயர் பதிந்து, அடையாள அட்டை, ஒரு கோப்பு, குறிப்பு நோட்டு, பேனா கொடுத்தார்கள். கூடவே ஒரு விவரப் படிவம். பிரதிநிதிகள் ஒவ்வொருவரும் அதை நிரப்பித் தகுதி ஆய்வுக் குழுவிடம் தர வேண்டும். பெயர், வயது, கல்வி, தொழில், கட்சியில் சேர்ந்த ஆண்டு, எந்த வெகுஜன அமைப்பில் பணி, சிறை சென்றது உண்டா, எத்தனை நாள். இந்தப் படிவம் எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒன்று. வேறு எந்த இடத்தில், எந்த விண்ணப்பத்தில், ஒரு விவசாயக் கூலிப் பெண்ணிடம் நீ மக்களுக்காக என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள்? சாதிச் சான்றுக்கும் ரேஷன் அட்டைக்கும் எழுதிக் கொடுத்த படிவங்களெல்லாம் எங்களுக்கு என்ன இல்லை என்றுதான் கேட்டன.

பெரியம்மாவுக்கு நான்தான் எழுதினேன். கல்வி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "அறிவொளி என்று எழுது" என்றார். அறிவொளி இயக்க வகுப்பில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கற்ற கையெழுத்துதான் அவருடையது. கட்சியில் சேர்ந்த ஆண்டைக் கேட்டால், மகள் பூப்பெய்திய வருடத்துக்கு முந்தைய வருடம் என்கிறார். செயலாளர் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுச் சொன்னார். சிறை என்ற இடத்துக்கு வந்ததும் பெரியம்மா சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கூலி உயர்வு கேட்டு மறியல் செய்தபோது பிடித்துக்கொண்டு போய்த் திருச்சி சிறையில் வைத்திருந்தார்கள், பதினைந்து நாள். மூத்த மகன் கைக்குழந்தை, அவனும் உள்ளே இருந்தான். "அவனுக்கும் சேர்த்துப் போடலாமா?" என்று கேட்டார். படிவத்தில் அதற்கு இடமில்லை. பதினைந்து நாள் என்று எழுதி, பக்கத்திலேயே "கைக்குழந்தையுடன்" என்று சேர்த்து எழுதினேன். கையெழுத்தை அவரே போட்டார். நான்கு எழுத்துகள். ஒவ்வொன்றையும் முடித்துப் பேனாவைத் தூக்கி, அது சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார்.

மாநாட்டை நடத்தத் தலைமைக் குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. தீர்மானக் குழு, தகுதி ஆய்வுக் குழு, நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் குழு என்று ஒவ்வொன்றாக அறிவித்தார்கள். பிறகு அஞ்சலித் தீர்மானம். அந்த மாநாடுகளின் காலம் எங்களுக்குத் துக்கக் காலமும்கூட. 2023 நவம்பர் 15 அன்று என்.சங்கரய்யா மறைந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படிக்கும்போது, இறுதித் தேர்வுக்கு முன்னால் கைதாகிப் பட்டம் வாங்காமலே போனவர். 1964-இல், அப்போது ஒன்றாக இருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறி இந்தக் கட்சியை உருவாக்கிய 32 பேரில் ஒருவர். 2024 ஆகஸ்டில் மேற்கு வங்க முன்னாள் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா. கிளை மாநாடுகள் நடந்துகொண்டிருந்தபோதே, செப்டம்பர் 12 அன்று, பொதுச் செயலாளராகவே இருந்த சீத்தாராம் யெச்சூரி. அவர் சென்னையில் பிறந்தவர் என்று தீர்மானத்தை வாசித்தவர் சொன்னபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த ஓர் இளைஞர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பெரிய பெயர்களுக்குப் பிறகு எங்கள் ஒன்றியத்தில் அந்த மூன்று ஆண்டுகளில் மறைந்த தோழர்களின் பெயர்கள் வந்தன. அதே குரலில், அதே வேகத்தில் வாசித்தார்கள். ஒரு டீக்கடைத் தோழர், ஒரு சுமைதூக்கும் தோழர். எழுந்து நின்றோம்.

வேலை அறிக்கையைச் செயலாளர் வாசித்து முடிக்க நெடுநேரமாயிற்று. அச்சிட்ட பிரதி கையில் இருந்ததால் கூடவே விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். நடத்திய போராட்டங்கள், கொடுத்த மனுக்கள், சேர்ந்த உறுப்பினர்கள், புதுப்பிக்காமல் விட்டவர்கள், உறுப்பினர்கள் வருமானத்திலிருந்து கட்சிக்குத் தரும் லெவியின் நிலுவை, கட்சி நாளிதழ் தீக்கதிரின் சந்தா எல்லாம் இருந்தன. மதியச் சாப்பாட்டுக்கு முன் குழு விவாதம். நாலைந்து கிளைகள் சேர்ந்து வட்டமாக உட்கார்ந்து அறிக்கையைப் பத்தி பத்தியாகப் பேச வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒருவர் மைக் முன்னால் போய்ச் சொல்ல வேண்டும். எங்கள் கிளைக்காக நான் பேசுவது என்று முன்பே முடிவாகியிருந்தது.

சாப்பாடு சோறும் சாம்பாரும் ஒரு கூட்டும். கிராமங்களில் வீடு வீடாக வசூலித்த அரிசி. பரிமாறியவர்கள் வாலிபர் சங்கத்துப் பையன்கள்.

ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றார்கள். ஐந்து நிமிடம் எவ்வளவு சின்னது என்பது மைக் முன்னால் நின்றால்தான் தெரியும். எனக்கு முன்னால் பேசிய ஒரு தோழர் உலக நிலைமையில் தொடங்கினார். தன் கிளைக்கு வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்தது என்று தலைமைக் குழுவின் சீட்டு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அவர் கிளையின் பிரச்சினை எனக்குத் தெரியும். அங்கே வீட்டுமனைப் பட்டா இல்லாமல் நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன. பிரதிநிதிகளின் நேரத்தை இன்னும் கூட்டித் தர வேண்டும் என்பது என் கருத்து. வாழ்த்துரைகளைக் குறைத்தாலும் குறைவில்லை. அறிக்கை எழுதுகிறவர்களுக்கு நாட்டைப் பற்றித் தெரியும். வாய்க்கால் கரையைப் பற்றித் தெரிந்தவர்கள் பேசுவதற்கு இந்த ஒரு நாள்தான் இருக்கிறது.

நான் அளவு நோட்டை விரித்து வைத்துக்கொண்டேன். வணக்கம் தோழர்களே என்று சொல்லிவிட்டு நேராக வாய்க்கால் கரைக்குப் போனேன். எத்தனை மணிக்கு முதல் படம், சிக்னலுக்காகப் பணித்தளப் பொறுப்பாளர் பாலத்தின் மேல் ஏறி நிற்பது, படம் ஏறாத நாளில் யார் யாருக்குக் கூலி விழவில்லை. பெயர்களை நான் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் பெயரும் நோட்டில் இருந்தன, கேட்டால் தருகிறேன் என்றேன். சுடுகாட்டுப் பாதையைச் சொன்னபோது மண்டபத்தின் பல இடங்களிலிருந்தும் "எங்கள் ஊரிலும்தான்" என்று குரல் வந்தது. அது எனக்குப் புதிய செய்தி. எங்கள் தெருவின் துன்பம் என்று கொண்டுபோனது ஒன்றியம் முழுவதும் இருக்கிறது என்பது அந்த நொடியில்தான் தெரிந்தது. கூட்ட நேரத்தைப் பற்றிப் பேசும்போது, இந்த மண்டபத்தில் எத்தனை பெண்கள் இருக்கிறோம் என்று எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். திரும்பிப் பார்த்தார்கள். நான் வேறொன்றும் சேர்த்துச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

விவாதங்களுக்குப் பிறகு செயலாளரின் தொகுப்புரை. ஒரு பிரதிநிதி உன்னிப்பாகக் கேட்க வேண்டிய பகுதி இது என்பேன். யார் எதைச் சொன்னார்கள், எதை ஏற்கிறோம், எதை ஏற்க முடியாது, ஏன் என்று இதில்தான் பதில் வரும். பேசியவர்கள் எல்லோரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சுடுகாட்டுப் பாதைகளைக் கிராமம் கிராமமாகக் கணக்கெடுக்க ஒரு குழு போடலாம் என்றார். கூட்ட நேரத்தைக் கிளைகள் பெண் உறுப்பினர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்றார்.

தீர்மானங்கள் வாசிக்கப்பட்டபோதுதான் எனக்கு மறுபடியும் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. நூறு நாள் வேலை பற்றிய தீர்மானத்தில் செயலி வருகைப் பதிவைக் கைவிட வேண்டும், வேலை நாட்களைக் கூட்ட வேண்டும், கூலியை உயர்த்த வேண்டும் என்று எல்லாம் இருந்தது. வேலை அட்டை இல்லை. பக்கத்தில் பெரியம்மா என் முழங்கையைத் தொட்டார். கையை உயர்த்தினேன். "அதுவரை அன்றன்றைய வேலையை அன்றன்றே வேலை அட்டையில் பதிந்து தர வேண்டும் என்ற வரியைச் சேர்க்க வேண்டும்" என்று திருத்தம் சொன்னேன். ஏன் என்று தலைமைக் குழுவிலிருந்து கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் பெரியம்மா எழுந்து, கிளையில் கேட்ட அதே கேள்வியை மைக் இல்லாமலேயே கேட்டார்: "நான் வேலைக்கு வந்தேன் என்பதற்கு என் கையில் என்ன அத்தாட்சி?" தீர்மானக் குழுத் தோழர்கள் குனிந்து ஒரு நிமிடம் பேசிக்கொண்டார்கள். திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. சமுதாயக் கூடத்தில் இரவு பத்து மணிக்கு நாங்கள் வாக்குவாதம் செய்து எழுதிய வரி, சொல் மாறாமல் தீர்மானத்தில் ஏறிக்கொண்டது. என் கட்சி வாழ்க்கையில் எனக்கு இதைவிடப் பெருமையான நேரம் இல்லை.

தகுதி ஆய்வுக் குழு அறிக்கையில் மூத்த பிரதிநிதி யார், இளையவர் யார், சிறை சென்றவர்கள் எத்தனை பேர் என்று வாசித்தார்கள். "திருச்சி சிறையில் பதினைந்து நாள், கைக்குழந்தையுடன்" என்று வாசித்தவர் அந்த இடத்தில் நிறுத்தி, படிவத்தை மறுபடி பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். கைதட்டல் ஓய நேரம் பிடித்தது. பெரியம்மா கூப்பிய கையை இறக்கவே இல்லை.

கடைசியாகப் புதிய ஒன்றியக் குழுவின் தேர்வு. வெளியே இருப்பவர்கள் இதைப் பற்றிப் பலவிதமாகப் பேசுவதால் விளக்கிவிடுகிறேன். பொறுப்பிலிருந்து விலகும் குழு ஒரு பெயர்ப் பட்டியலை முன்வைக்கும். பட்டியலில் உள்ள எந்தப் பெயரையும் ஒரு பிரதிநிதி ஆட்சேபிக்கலாம். புதிதாக ஒரு பெயரை முன்மொழியலாம். முன்மொழியப்பட்டவர் விலகாவிட்டால் ரகசிய வாக்கெடுப்பு. இது ஏட்டில் மட்டும் உள்ள உரிமை இல்லை. பின்னர் மதுரையில் மத்தியக் குழுவுக்கே அப்படி ஒரு போட்டி நடந்தது. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த டி.எல்.கராட் நின்று 31 வாக்குகள் பெற்றார். எங்கள் மாநாட்டில் ஒரு கிளைப் பிரதிநிதி எழுந்து, வாலிபர் சங்கத்தில் ஓடியாடி வேலை செய்யும் ஓர் இளைஞரின் பெயரை முன்மொழிந்தார். மண்டபம் கொஞ்சம் இறுகியது. அப்போது பட்டியலில் இருந்த மூத்த தோழர் ஒருவர், வேட்டியைச் சரிசெய்துகொண்டே எழுந்து, தன் பெயரை எடுத்துவிட்டு அந்த இளைஞரைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். "நான் எங்கேயும் போய்விடப் போவதில்லை, கிளையில்தான் இருப்பேன்" என்றார். இளைஞர் வேண்டாம் என்று தலையசைத்தார். பெரியவர் உட்காரவே இல்லை, தலைமைக் குழு ஒத்துக்கொள்ளும் வரை நின்றுகொண்டே இருந்தார். நான் சிறு பிள்ளையாக இருந்தபோதிலிருந்து அவர் கொடி பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பதவியிலிருந்து இறங்குவதை இவ்வளவு இயல்பாகச் செய்கிறவர்களைப் பற்றி யாரும் சுவரொட்டி ஒட்டுவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சர்வதேச கீதம் பாடி முடித்தபோது இருட்டிவிட்டது.

மாநாட்டுக்குப் போவது பாதி வேலைதான். திரும்பி வந்து கிளைக்குச் சொல்வது மறுபாதி. அடுத்த ஞாயிறு கிளைக் கூட்டத்தில் என்னையும் பெரியம்மாவையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டார்கள். பாதையைக் கணக்கெடுக்கும் குழுவில் நம் ஊர் ஆள் யார்? எப்போது தொடங்கும்? தீர்மானத்தில் சேர்த்தால் மட்டும் அட்டையில் எழுதிவிடுவார்களா? கடைசிக் கேள்வி நியாயமானது. எழுதிவிட மாட்டார்கள். அதற்காக நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் அட்டைகளோடு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தோம். வெற்றுக் கட்டங்களைப் பிரித்துக் காட்டினோம். அதன் பிறகு எங்கள் வேலைத்தளத்தில் வாரக் கடைசியிலாவது அட்டையில் பதிவு விழ ஆரம்பித்தது. அன்றன்று என்பதுதான் எங்கள் வரி, அதை விட்டுக்கொடுக்கவில்லை.

மாநாடுகள் மேலே ஏறிக்கொண்டு போயின. 2025 ஜனவரி 3 முதல் 5 வரை விழுப்புரத்தில் மாநில மாநாடு. அங்கே பெ.சண்முகம் மாநிலச் செயலாளரானார். வனத்துறை, காவல்துறையின் வன்கொடுமைக்கு ஆளான வாச்சாத்தி மலைக்கிராம மக்களுக்காக ஆண்டுக்கணக்கில் நின்றவர் அவர். தமிழ்நாட்டில் இந்தக் கட்சியின் மாநிலச் செயலாளரான முதல் தலித். எங்கள் தெருவில் அந்தச் செய்தி வந்த நாளில் தீக்கதிர் கை மாறிக் கை மாறி, கடைசியில் என் தையல் மேசைக்கு வந்தபோது மடிப்புகளில் கிழிந்திருந்தது. பிப்ரவரியில் அகில இந்திய மாநாட்டுக்கான அரசியல் தீர்மான நகல் வந்தது. மாநாட்டுக்கு முன்பே நகலைக் கிளைகளுக்கு அனுப்பிவிட வேண்டும், உறுப்பினர் யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம் என்பது எங்கள் நடைமுறை. ஞாயிறு மாலைகளில் பத்தி பத்தியாக வாசித்தோம். சில இடங்களை இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. கிராமப்புறக் கூலிப் பெண்களைப் பற்றிய இடம் வந்ததும் பெரியம்மா நிறுத்தச் சொல்லி, இன்னும் இரண்டு வரி வேண்டும் என்றார். எழுதி அனுப்பினோம்.

ஏப்ரல் 2 முதல் 6 வரை மதுரைத் தமுக்கத்தில் மாநாடு நடந்தது. எம்.ஏ.பேபி பொதுச் செயலாளரானார், நம் உ.வாசுகி அரசியல் தலைமைக் குழுவுக்குத் தேர்வானார். மாநாட்டுக் கொடி வெண்மணியிலிருந்துதான் புறப்பட்டுப் போயிற்று.

பாதைக் கணக்கெடுப்பில் எங்கள் ஊருக்கு நில அளவையர் வந்தார். புலப்படத்தை விரித்து, சங்கிலி பிடித்து, ஒரு பக்கம் கல் நட்டாயிற்று. மறுபக்கத்து நிலக்காரர் வெளியூரில் இருப்பதால் அவருக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தக் கல்லும் நடப்பட வேண்டும். இந்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நடக்கும் கிளைக் கூட்டத்தில் முதல் பொருள் அதுதான். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு யார் யார் போவது என்று அங்கே முடிவு செய்வோம்.